சைக்கடெலிக் மருந்துச் சோதனைகள்: 37 சதவீதம் என்பதை எப்படி வாசிப்பது?

பதிவு 1 | நீலக்குறிப்பேடு

வணக்கம். இந்தப் பகுதியில் நான் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஒரு சந்தேகம் தூங்கவிடவில்லை.

என் அண்ணனுக்கு ஏழு ஆண்டுகளாக மனச்சோர்வு. முதல் இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை. இப்போது மூன்றாவது, அதோடு லித்தியமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எழுகிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

சென்ற மாதம் உறவினர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பினார். சிலோசைபின் என்ற காளான் மருந்து (சைக்கடெலிக், அதாவது மாயத்தோற்றம் தரும் வகை), ஒரே வேளை, ஆயுளுக்கும் விடுதலை என்று அதில் ஒருவர் கண் கலங்கப் பேசுகிறார். போதாக்குறைக்கு, தெரிந்தவர் மூலம் 'காளான் சாக்லேட்' வரவழைத்துத் தருவதாகவும் அந்த உறவினர் சொல்கிறார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளில் எதற்கும் ஆர்வம் காட்டாதவர் இதற்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்தான் எனக்கு நம்பிக்கையும் பயமும்.

காணொளியை விட்டுவிட்டு ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர். ஒரு குழுவுக்கு 25 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 10, மற்றொன்றுக்கு 1. மூன்றாம் வார முடிவில் 25 மில்லிகிராம் குழுவில் 37 சதவீதம் பேருக்கு நோயின் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியிருக்கிறது. 12 வாரம் வரை அந்தப் பலன் நிலைத்தவர்கள் 20 சதவீதம்.

இது நல்ல செய்தியா, சுமாரான செய்தியா? காணொளிக்காரர் சொல்வதற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு தூரம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | காளான்குடை

நண்பரே, நல்ல செய்திதான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் படித்தது ஒரே ஒரு கட்டுரை. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிகள் 51 பேருக்குச் சிலோசைபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் சுமார் 80 சதவீதம் பேருக்கு மரண பயமும் சோர்வும் குறைந்தே இருந்தன. அதே இடத்தில் 2014இல் புகைப்பழக்கத்துக்கு ஒரு சிறு ஆய்வு: 15 பேரில் 12 பேர் ஆறு மாதம் கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. எந்த நிக்கோட்டின் பட்டையும் கிட்டே நெருங்க முடியாத எண் இது. 1970க்குப் பிறகு அரசியல் காரணங்களுக்காகப் பூட்டி வைத்த கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. திறந்த கதவின் முன் நின்றுகொண்டு தாழ்ப்பாள் துருப்பிடித்ததா என்று ஆராய்கிறவர்கள் இங்கே வருவார்கள். அவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

பதிவு 3 | எண்ணும்எழுத்தும்

தாழ்ப்பாளை ஆராய்கிறவன் வந்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டியவன், அந்தப் பழக்கம் போகாது.

நீலக்குறிப்பேடு தம்பி, நீங்கள் விட்டுவிட்ட எண் ஒன்று உண்டு. 1 மில்லிகிராம் என்பது பேருக்கு மருந்து; மனத்தில் எந்த மாற்றமும் செய்யாத அளவு. அந்தக் குழுவிலும் 18 சதவீதம் பேருக்கு நோய் பாதியாக இறங்கியது. ஆக, மருந்தின் பங்கு 37 அன்று. 37இலிருந்து 18ஐக் கழித்து வரும் 19. நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகப் பத்தொன்பது பேர் தேறுகிறார்கள், அதாவது ஐந்து பேருக்கு ஒருவர். மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளில் ஐந்துக்கு ஒன்று என்றால் அது சின்ன விஷயமில்லை. 12 வாரக் கணக்கில் 20க்கு எதிரே 10 நின்றது. இடையிலிருந்த 10 மில்லிகிராம் குழுவுக்கும் 1 மில்லிகிராம் குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. 2025 ஜூனில், இந்தச் சோதனையை நடத்திய நிறுவனம் தன் அடுத்த கட்டச் சோதனையின் முதல் முடிவை வெளியிட்டது: ஆறாம் வாரத்தில், 60 புள்ளி வரை போகும் மனச்சோர்வு அளவுகோலில், மருந்துப்போலியைவிட (மருந்தே இல்லாத வெறும் மாத்திரை) 3.6 புள்ளி கூடுதல் இறக்கம். பலன் இருக்கிறது, அதிசயம் இல்லை.

காளான்குடை சொன்ன 15 பேரில் 12 பேர் கதையில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. அவர்கள் அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். மருந்தோடு வாரக்கணக்கில் ஆலோசனையும் பெற்றவர்கள். இதில் எது புகையை நிறுத்தியது? அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை.

என் தலைவலி இதைவிடப் பெரியது. மருந்துச் சோதனையின் உயிரே மறைப்பில் இருக்கிறது. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது. சுவர் மூச்சு விடுவதுபோல் தெரிகிற ஒருவரிடம் "உமக்கு எது கொடுத்தோம் என்று தெரியுமா?" என்று கேட்பது முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான்.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 33 மாணவர்களுக்குச் 'சைக்கடெலிக்' என்று சொல்லி வெறும் மருந்துப்போலியைக் கொடுத்தார்கள். வண்ண விளக்கு, இசை, ஓவியங்கள், மருந்தின் தாக்கத்தில் இருப்பதுபோல் நடிக்கச் சிலர். 61 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஓவியம் நகர்ந்தது என்றவர்களும் உண்டு.

பதிவு 4 | மட்டுறுத்துனர்

எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். ஆய்வுகளில் கொடுத்த அளவைக் குறிப்பிடலாம். இடையில் வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டிருக்கிறது.

பதிவு 5 | இரவுப்பணிச்செவிலி

நான் மனநலச் செவிலியர். இதுபோன்ற ஒரு சோதனையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கண்ணில் தோன்றும். நடப்பது வேறு. முதலில் வடிகட்டல். நோயாளிக்கோ உடன்பிறந்தாருக்கோ பெற்றோருக்கோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருந்தால் சேர்க்கமாட்டோம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றாலும் சேர்க்கமாட்டோம். எடுத்துக்கொண்டிருக்கும் மனச்சோர்வு மருந்துகளை மருத்துவர் பார்வையில் மெல்லக் குறைத்து நிறுத்தவேண்டும். அந்த வாரங்கள்தான் எனக்கு அதிகப் பயம் தந்தவை. அதன்பிறகு பேச்சு அமர்வுகள். என்னவெல்லாம் வரலாம், பயம் வந்தால் என்ன செய்வது, கையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமா, எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதுவரை முன்கூட்டியே பேசிவிடுவோம்.

மருந்து நாளில் ஒரு படுக்கை, கண்மறைப்பு, காதில் இசை, அருகில் இரண்டு பேர். ஆறிலிருந்து எட்டு மணி நேரம். பெரும்பாலும் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒருவர் நாலு மணி நேரம் அசையாமல் கிடந்தார். இன்னொருவர் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ஒருவர் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு "என்னை வெளியே எடுங்கள்" என்று ஒரு மணி நேரம் கெஞ்சினார். வெளியே எடுக்கும் கதவு கிடையாது. கூட இருக்கத்தான் முடியும்.

எண்ணும்எழுத்தும் ஐயா மறைப்பைப் பற்றிச் சொன்னார். அதன் மறுபக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். குறைந்த அளவு கிடைத்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். கண்மறைப்பைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். வாரக்கணக்கில் காத்திருந்து, பழைய மருந்தையும் விட்டுவிட்டு, கடைசி நம்பிக்கையோடு வந்தவரின் முகத்தில் அந்த ஏமாற்றம் இறங்குவதைப் பார்க்கவேண்டும். அவருடைய மதிப்பெண் அடுத்த வாரம் மோசமானால் அது மருந்தில்லாததாலா, மனம் உடைந்ததாலா? ஒப்பீட்டுக் குழு கீழே இறங்கினாலும் மருந்து மேலே நிற்பதுபோல் தெரியும் அல்லவா?

பதிவு 6 | கசப்புக்காய்

போதைக்குப் புதுப்பெயர் சூட்டினால் மருந்தாகிவிடுமா? அறுபதுகளில் ஒரு தலைமுறையைக் கெடுத்தது போதாதா? அடிமையாக்கும் பொருளை மனநோயாளியின் கையில் கொடுப்பதற்கு ஒரு நீண்ட விவாதம் வேறு.

பதிவு 7 | இரவுப்பணிச்செவிலி

கசப்புக்காய் அவர்களே, பயப்படவேண்டியதற்குப் பயப்படுவோம். சிலோசைபினும் அதே வகை மருந்தான எல்எஸ்டியும் மதுவையோ ஹெராயினையோபோல் அடிமையாக்குவதில்லை. அடுத்தடுத்த நாள் எடுத்தால் உடல் பழகி, விளைவு மளமளவென்று குறைந்துவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: மனச்சிதைவின் விளிம்பில் இருப்பவரை அது உள்ளே தள்ளக்கூடும், சிலருக்கு மருந்து இறங்கிய பிறகும் மாதக்கணக்கில் பார்வையில் ஒளிக்கோடுகள் தங்கிவிடும், கடும் பீதியில் ஒருவர் தனக்கே தீங்கு செய்துகொள்ளலாம். 2022 சோதனையில் மூன்று குழுக்களிலும் தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ சிலரிடம் பதிவாகியிருக்கிறது. எம்டிஎம்ஏ ('எக்ஸ்டசி' என்று புழங்குவது), கெட்டமைன் (ஒரு மயக்கமருந்து) இரண்டும் வேறு வகை. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பதிவு 8 | காளான்குடை

சரி, ஒப்பீட்டுக் குழு உள்ள ஆய்வே தருகிறேன். 2022இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்தது. குடிநோயாளிகள் 93 பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆலோசனை, பாதிப் பேருக்குச் சிலோசைபின். அடுத்த 32 வாரங்களில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் அவர்களிடம் 9.7 சதவீதம், மற்றவர்களிடம் 23.6 சதவீதம். எட்டு மாத எதிர்பார்ப்பா இது? ஐயா பதில் சொல்லட்டும்.

பதிவு 9 | எண்ணும்எழுத்தும்

நல்ல ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சிலவற்றில் ஒன்று. அதிலும் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்தது தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரை. ஏறக்குறைய எல்லாருமே தமக்குக் கிடைத்தது எது என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் எதிர்பார்ப்பு நிற்குமா என்ற கேள்வி நியாயமானதுதான். எனக்கும் நிற்காது என்றே படுகிறது. படுவது வேறு, தெரிவது வேறு.

2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நேருக்கு நேர் ஒரு போட்டி நடந்தது. 59 பேர், ஒரு பக்கம் சிலோசைபின், மறுபக்கம் ஆறு வாரம் தினமும் எஸ்சிட்டலோபிராம், அதாவது வழக்கமான மனச்சோர்வு மாத்திரை. முன்கூட்டியே அறிவித்த முதன்மை அளவுகோலில் சிலோசைபினுக்கு 8 புள்ளி இறக்கம், மற்றதற்கு 6. புள்ளிவிவரப்படி வித்தியாசம் நிறுவப்படவில்லை. துணை அளவுகோல்கள் பலவற்றில் சிலோசைபின் முந்தியது. செய்தித்தாள்கள் அவரவர் விருப்பப்படி தலைப்பிட்டன.

எம்டிஎம்ஏ கதையும் தெரிந்திருக்கும். 2021இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் உள்ள 90 பேரிடம் நடத்திய சோதனையில், மருந்து பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் நோயின் வரையறையைவிட்டே வெளியேறினார்கள். மருந்துப்போலியோடு ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 32. இவ்வளவு இருந்தும் 2024 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பலன் நிறுவப்படவில்லை என்று 9க்கு 2 என வாக்களித்தது. ஆகஸ்டில் அனுமதியும் மறுக்கப்பட்டது. மறைப்பு உடைந்தது ஒரு காரணம். சிகிச்சை அறையில் நடந்த முறைகேடுகளும் விவாதத்துக்கு வந்தன. ஆஸ்திரேலியாவோ 2023 ஜூலை 1 முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் எம்டிஎம்ஏவையும் சிலோசைபினையும் குறிப்பிட்ட நோய்களுக்கு எழுதித்தர வழிவிட்டது. ஒரே சான்றுகள், இரண்டு நாடுகள், இரண்டு தீர்ப்பு.

பதிவு 10 | நரம்புமுடிச்சு

நரம்பியல் ஆய்வு மாணவன். கொஞ்சம் மூளைக்குள் போவோம்.

மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து பொருந்தும் ஏற்பிகளில் 2ஏ என்று ஒரு வகை உண்டு. 1998இல் சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடரின் குழு, அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் என்ற மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிலோசைபினைக் கொடுத்தது. காட்சிகளும் மயக்கங்களும் எழவில்லை. சாவித் துவாரம் அதுதான் என்று அன்றைக்கு உறுதியாயிற்று. 2024இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் நலமான ஏழு பேரை மருந்துக்கு முன்னும் பின்னும் மறுபடி மறுபடி ஸ்கேன் செய்தார்கள். மூளைப் பகுதிகள் சேர்ந்து இயங்கும் தாளம் குலைந்தது. நாம் சும்மா இருக்கையில் 'நான், எனது' என்று அசைபோடும் வலையமைப்பில் குலைவு மிக அதிகம். அந்த வலையமைப்புக்கும் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதிக்கும் உள்ள தொடர்பு மூன்று வாரம்வரை தளர்ந்தே இருந்தது. மனச்சோர்வு என்பதே ஒரே எண்ணத்தைச் செக்குமாடுபோல் சுற்றுவது என்று வைத்துக்கொண்டால், செக்கின் நுகத்தடி கொஞ்சம் கழன்றது என்று ஊகிக்கலாம். ஊகம்தான். ஏழு பேர், அவர்களும் நோயாளிகள் அல்லர்.

அப்படியானால் அந்த அனுபவம் தேவையா, வேதிப்பொருள் மட்டும் போதுமா? மாயத்தோற்றம் தராத உறவு மூலக்கூறுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எலியிடம் "என்ன கண்டாய்?" என்று கேட்க முடியாது, மாயத்தோற்றத்தின் அடையாளமாக எத்தனை முறை தலையை உதறியது என்று எண்ணுகிறார்கள்.

ஐயாவின் மறைப்புப் பிரச்சினைக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான விடை ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2023இல் வந்தது. மருந்து கெட்டமைன். அது 2ஏ வழியாக வேலை செய்வதில்லை, ஆனாலும் மனச்சோர்வுக்குச் சில மணி நேரங்களில் பலன் தருவது. மனச்சோர்வு உள்ள 40 பேர், வேறு ஏதோ அறுவைச் சிகிச்சைக்காக மயக்கமருந்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கெட்டமைன், பாதிப் பேருக்கு உப்புநீர். அனுபவமே கிடையாது, மறைப்பு முழுமை. முடிவு: இரண்டு குழுக்களும் ஒரே அளவு தேறின. அதுவும் கணிசமாகவே தேறின!

இந்த ஆய்வை வாசித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் பெரிய சண்டை. மருந்து சும்மா என்றார் ஒருவர். அனுபவம்தான் மருந்து, அதை மயக்கத்தில் வெட்டிவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். மயக்கமருந்துக்கே பலன் இருக்கலாம் என்றார் மூன்றாமவர். அறுவைக்கு முன்னும் பின்னும் யாரோ உட்கார்ந்து "மனம் எப்படி இருக்கிறது?" என்று பரிவோடு கேட்டார்களே, அதுவாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பதிவு 11 | பழையவானொலி

மறைப்பு உடைவது புதிய கதையில்லை. 1962இல் புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில் வால்டர் பான்கி என்ற மருத்துவர், இறையியல் மாணவர்கள் 20 பேரில் பாதிப் பேருக்குச் சிலோசைபினும் மீதிப் பேருக்கு நியாசின் என்ற வைட்டமினும் கொடுத்தார். நியாசின் முகத்தைச் சிவக்க வைக்கும். அதனால் முதலில் அவர்கள் தமக்கே மருந்து கிடைத்ததாக நம்பினார்களாம். கொஞ்ச நேரத்தில் யார் எது என்று கூடத்திலிருந்த எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கால் நூற்றாண்டு கழித்து ரிக் டாப்லின் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். மருந்து பெற்றவர்கள் பெரும்பாலும் அந்த நாளைப் பெரும்பேறாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒருவரைக் கட்டுப்படுத்த அன்று குளோர்புரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை ஊசியில் போடவேண்டியிருந்தது என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. மூல ஆய்வில் அது எழுதப்படவே இல்லை. நல்லதை மட்டும் எழுதும் ஆசை இந்தத் துறைக்குப் பிறவிக்குணம்.

கசப்புக்காய் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மருந்துகளின் பேர் கெட்டது இளைஞர்களால் மட்டுமன்று. ஐம்பதுகளில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, மனத்தைக் கட்டுப்படுத்த வழி தேடிய தன் எம்கே-அல்ட்ரா திட்டத்தில், கேட்காமலும் சொல்லாமலும் ஆட்களுக்கு எல்எஸ்டி கொடுத்தது. அதே காலத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் கனடாவில் குடிநோயாளிகளுக்கு அதே மருந்தைக் கவனத்தோடு கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். கிரேக்கத்தில் மனத்தை வெளிப்படுத்துவது என்று பொருள். மாயத்தோற்ற மருந்து என்று தமிழில் எழுதும்போது அந்தப் பொருள் தொலைந்துபோகிறது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

மரியா சபீனாவையும் யாரும் குறிப்பிடவில்லை. மெக்சிகோவின் வஹாக்கா மலையில் வாழ்ந்த மசட்டெக் பழங்குடி வைத்தியச்சி. நோயாளிக்காக இரவு முழுவதும் காளான் சடங்கு நடத்தியவர். கார்டன் வாசன் என்ற வங்கியாளர் அதில் கலந்துகொண்டு 1957இல் லைஃப் இதழில் எழுதினார். அப்புறம் ஊருக்குள் வெளியார் கூட்டம், பின்னாலேயே காவல்துறை. ஊராரின் கோபம் அந்த அம்மையார் மேல் திரும்பி, அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அந்தக் காளானிலிருந்து 1958இல் சிலோசைபினைப் பிரித்தெடுத்தவர், எல்எஸ்டியைக் கண்டுபிடித்த அதே ஆல்பர்ட் ஹாஃப்மன். இன்றைய காப்புரிமைப் பட்டியல்களில் மசட்டெக் மக்களுக்குப் பங்கில்லை.

பதிவு 12 | பெயர்வேண்டாம்

இந்த இழைக்காகவே புதிய கணக்குத் தொடங்கினேன். நான் ஒரு சோதனையில் மருந்து பெற்றவன்.

கண்டவர் விண்டிலர் என்பார்கள். எனக்கும் சொல்ல வரவில்லை, முயன்று பார்க்கிறேன். முதல் ஒரு மணி நேரம் வெறும் பயம். உடம்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிறகு அப்பாவின் இருமல் கேட்டது. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள். அடுத்த அறையிலிருந்து, காலையில் எழுந்ததும் இருமுவாரே, அந்த இருமல். நான் அவருடைய இறுதிச் சடங்கில் அழவில்லை. அன்று அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் என்னைத் தேற்றவில்லை, அது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது புரிகிறது.

மறுநாள் தேநீருக்கு ருசி இருந்தது. கொஞ்சமும் மிகையில்லை. நாலு மாதம் அப்படியே இருந்தேன். காளான்குடை குறிப்பிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: நலமான 36 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த அனுபவத்தைத் தம் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்தில் ஒன்றாக வைத்தார்கள். கேட்டால் நானும் அப்படித்தான் வைப்பேன். அதே ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கடும் பயம் வந்தது என்பதையும் படித்துச் சமாதானப்பட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் நோய் திரும்பி வந்தது. அதே கனம், அதே காலை நேரம். இந்த முறை கூடுதலாக ஒரு குற்ற உணர்ச்சி: இவ்வளவு பெரியதைக் கண்டும் தேறவில்லையே, தவறு என்னிடம்தான் என்று. ஆய்வு அதற்குள் முடிந்திருந்தது. எனக்குக் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை. இப்போது பழைய மாத்திரையில் இருக்கிறேன், பாதகமில்லை.

அந்த நாள் பொய் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது என்னைக் குணப்படுத்தியது என்று சொன்னாலும் கோபம் வரும். இரண்டு பேரோடும் சண்டைபோட்டுக் களைத்துவிட்டேன்.

பதிவு 13 | இரவுப்பணிச்செவிலி

பெயர்வேண்டாம், எழுதியதற்கு நன்றி. எடுக்கப்படாத அந்தத் தொலைபேசிக்கு என் துறையின் சார்பில் வெட்கப்படுகிறேன். மறுபடி முடியாமல் போனால் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

நீலக்குறிப்பேடு தம்பி, இது அவசரம். நேற்று எழுதியபோது நானும் கோட்டைவிட்டேன், இப்போது முதல் பதிவைத் திரும்ப வாசித்துப் பதறிப்போனேன். அண்ணனுக்கு லித்தியம் கொடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். லித்தியம் எடுப்பவர் சிலோசைபினோ எல்எஸ்டியோ எடுத்தால் வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. இருவகையும் சேர்த்து எடுத்தவர்கள் இணையத்தில் எழுதிய 62 அனுபவக் குறிப்புகளை 2021இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியில் வலிப்பு. இணையக் குறிப்புகள் உறுதியான சான்று ஆகாது. ஆனாலும் எந்தச் சோதனையும் உங்கள் அண்ணனை இந்த நிலையில் சேர்த்துக்கொண்டிருக்காது.

"அப்படியானால் லித்தியத்தை நிறுத்திவிட்டு எடுக்கலாமே" என்று அந்த உறவினர் அடுத்துச் சொல்வார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்துவது தனி ஆபத்து. தற்கொலை எண்ணம் திரும்பக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது.

அந்தச் சாக்லேட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. 2024இல் அமெரிக்காவில் இப்படி 'காளான்' சாக்லேட் தின்ற பலர் வலிப்போடும் மயக்கத்தோடும் மருத்துவமனையில் சேர்ந்து, அரசு எச்சரிக்கை விடவேண்டியதாயிற்று.

பதிவு 14 | காளான்குடை

லித்தியத்தை நானும் கவனிக்கவில்லை. "பொருட்படுத்தாதீர்கள்" என்று எழுதியவன் நான்தான். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதெல்லாம் நிற்கிறது, ஐயாவோடு வழக்கு தொடரும்.

பதிவு 15 | எண்ணும்எழுத்தும்

தொடரட்டும். தொடக்கப் பதிவை எண்ணுக்காக மட்டும் வாசித்த குற்றம் எனக்கும் உண்டு.

பதிவு 16 | நீலக்குறிப்பேடு

பதிவு 13ஐப் பார்த்ததும் கை நடுங்கியது. உறவினரை அழைத்துப் பேசினேன். அவருக்குக் கோபம், "நல்லது செய்ய வந்தேன்" என்றார். நல்லதற்குத்தான் வந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரவு அண்ணனிடம் இந்த இழையைக் காட்டினேன். முழுவதும் வாசித்தார். புள்ளிவிவரப் பகுதிகளைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன், அதையும் வாசித்தார். "37இலிருந்து 18ஐக் கழிக்க வேண்டுமா, சரி" என்றார். பெயர்வேண்டாம் எழுதியதை இரண்டு முறை வாசித்தார். சாக்லேட் வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது நானும் கூடப் போகிறேன். மாத்திரைப் பட்டியலோடு, இப்படி ஒரு யோசனை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

படுக்கப் போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. பெயர்வேண்டாம் அவர்களிடம் கேட்கச் சொன்னார். அத்தனை மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேசவே இல்லையா?

பதிவு 17 | பெயர்வேண்டாம்

இல்லை. ஒரே ஒரு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தம்ளரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.